மாஸ்டருக்குக் கசந்த பன்னிரண்டு நாள்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தத் தொழிற்சாலையில் மத்தியானம் முந்நூற்றுச் சொச்சம் பேர் சாப்பிடுகிறார்கள். அந்த முந்நூறு வாய்க்கும் முன்னால் ஒரு வாய் இருக்கிறது. அது மாஸ்டருடையது. அவர் ருசி பார்க்காமல் கேன்டீனில் எந்தப் பாத்திரமும் அடுப்படியைத் தாண்டாது. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். ஒரு விநாடி பொறுப்பார். நக்குவார். கண்ணை மூடுவது, தலையை ஆட்டுவது எல்லாம் கிடையாது. வாய் மட்டும் ஒரு சுற்று அசையும். "அரைக் கை உப்பு" என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் மூடியைப் போடுவார். மூடி விழுந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாகச் சூடான சொட்டு விழுந்து விழுந்து அந்த உள்ளங்கையின் நடுவில் ஒரு நாணய அகலத்துக்குத் தோல் வெளுத்துப்போயிருந்தது.

அளவுக் கரண்டி அந்தக் கேன்டீனில் கிடையாது. தராசு உண்டு, அது சாமான் மூட்டை வந்து இறங்கும்போது நிறுக்க. காய் நறுக்கும் பெண்மணியை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் காய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மாஸ்டர் உட்பட. மாஸ்டருக்கு நாக்கு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பங்கு பிரித்தால் நாக்குக்குத்தான் சம்பளம் வரும், உடம்பு சும்மா அதைச் சுமந்துகொண்டு வருகிறது என்று அந்த அக்கா சொல்லிச் சிரிப்பாள். மாஸ்டர் மறுக்கமாட்டார். உண்மைதானே என்கிற மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

நான்கு மாதத்துக்கு முன்பு அவர் மனைவிக்குக் குடலில் கட்டி என்று கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை. இரண்டு முடிந்திருந்தது. கட்டியைவிட மருந்துதான் அவளை அதிகம் கரைத்தது. ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பது புள்ளி எட்டுக்கு வந்து நின்றாள். டாக்டர் வளைத்துப் பேசத் தெரியாதவர். அடுத்த தடவை வரும்போது நாற்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது, மருந்து ஏற்ற முடியாது என்றார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று மாஸ்டர் கேட்டார். தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது என்றார் டாக்டர். இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒரு கிலோ இருநூறு கிராம்.

முந்நூறு பேரைக் கொழுக்க வைத்த கைக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் ஒரு விஷயமா என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் அவள் சாப்பிட்டால்தானே. எதை வாயில் வைத்தாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றாள். சோறு இரும்பு, பால் இரும்பு, தண்ணீர்கூட இரும்பு. அவர் அதே கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. உப்பு சரி, பக்குவம் சரி. இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் சரி, நல்லாத்தானே இருக்கு என்றார். இரண்டு நாள் இப்படியே போனதில் ஒரு மத்தியானம் பொறுமை விட்டுப்போய், சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"நாக்கு பொய் சொல்லாதும்மா. உனக்குச் சாப்பிட மனசில்ல, அதான்."

அவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அவளுக்கும் அவருக்கும் பேச்சில்லை. அது அவளுக்கும் அவள் நாக்குக்கும் உள்ள சண்டை என்று அவர் சமாதானம் செய்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். ரப்பரில் செய்த ஆப்பிளும் முட்டையும் மேஜைமேல் வைத்திருப்பாள். மாஸ்டர் அவளிடம் போய் உட்கார்ந்தார். சமையலைப் பற்றித் தனக்கு இன்னொருத்தர் சொல்வதா என்று ஒரு முறுக்கு முகத்தில் இருந்தது. கை மட்டும் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அதையெல்லாம் பார்த்துப் பழகியவள்.

"அவங்க வயிறு இப்ப சின்னதா இருக்கு அங்கிள். நாலு வாய்தான் போகும். அதனால ஒவ்வொரு வாயும் கனமா இருக்கணும்."

முட்டை, வெண்ணெய், நிலக்கடலை, பாதாம் என்று வரிசையாகச் சொன்னாள். வாய்க்குள் புண் இருப்பதால் பாதாமைக் கடிக்க முடியாது என்று மாஸ்டர் சொன்னதும், அப்படியென்றால் பைன் கொட்டை என்றாள். பைன் மரத்தின் காய்க்குள் இருக்கும் சின்ன விதை. நாக்கால் அழுத்தினாலே மசியும். ஒரு சின்னக் கைப்பிடியில் நூற்றுத் தொண்ணூறு கலோரி. எடையில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்தான், அதுவும் பெரும்பாலும் இதயத்துக்கு நல்ல வகை எண்ணெய். புரதம் உண்டு, மெக்னீசியம், துத்தநாகம் உண்டு, வைட்டமின் ஈ உண்டு. மாஸ்டர் முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்து அவசரமாக ஒன்றைச் சேர்த்தாள். இது மருந்து இல்லை, நோயை ஒன்றும் செய்யாது, சாப்பாடு மட்டும்தான். மாஸ்டர் தலையாட்டினார். கட்டியைப் பற்றி அவர் கையில் ஒன்றுமில்லை. ஒரு கிலோ இருநூறு கிராம் என்பது மட்டும் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

உலர்பழக் கடையில் ஒரு பை வாங்கினார். தந்த நிறத்தில் மெலிந்து நீண்ட கொட்டைகள். நான்கைந்தை எடுத்து மென்றார். முதலில் வெண்ணெய், பிறகு பால், கடைசியில் அறுத்த மரத்தின் வாசனை லேசாக. முப்பது வருஷம் முன்னாலேயே உன்னைப் பார்த்திருக்கலாமே என்று கொட்டையிடம் சொல்வது போல ஒரு முகம் காட்டினார். அன்றே அதன் குணம் பிடிபட்டது. வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும்; தும்மினால்கூடக் கருகிவிடும். பொன்னிறம் வந்தவுடன் தட்டில் கொட்டிவிட வேண்டும், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூடே கறுக்க வைத்துவிடும். மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைக்க வேண்டும், வெளியே கிடந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். கீரையும் பூண்டும் எண்ணெயும் சேர்த்துத் துவையல் பதத்துக்கு அரைத்து ரொட்டியில் தடவினார். பாலில் அரைத்துக் கஞ்சியில் கலந்தார். மசித்த உருளைக்கிழங்கில் பொடித்துப் போட்டார். சூப்பின்மேல் தூவினார். அவளுக்கு எல்லாம் இரும்புதான், ஆனால் இது வழுவழுப்பான இரும்பு, தொண்டையில் நிற்காமல் இறங்குகிறது என்றாள். மாஸ்டருக்கு அது போதும்.

ஒன்பதாம் நாள் விடுமுறை. கேன்டீன் சாவிக்கொத்து ஒன்று எப்போதும் அவரிடமும் இருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தினார். முள் ஆடி ஆடி நின்றது. நாற்பத்தொன்று, நானூறு.

"சாக்கு எடையைக் கழிச்சீங்களா?" என்றாள் அவள்.

எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் அவள் சொன்ன முதல் கேலி. மாஸ்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் அறுநூறு கிராம்.

மறுநாள் பை காலியானது. கடைக்காரர் பழைய சரக்கு தீர்ந்துவிட்டது, இதுவும் பைன் கொட்டைதான், வேறு லோடு என்று இன்னொரு பையை நீட்டினார். இவை குட்டையாக, கொஞ்சம் குண்டாக, மங்கலாக இருந்தன. ஒரு நுனியில் பழுப்புப் பொட்டு. மாஸ்டர் தன் வழக்கப்படி கடையிலேயே பையைப் பிரித்து மோந்து பார்த்தார். சிக்கு வாடை இல்லை. வாயில் போட்டு மென்றார். நல்ல ருசி. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஒரு முழுக் கைப்பிடியை மென்று விழுங்கினார். நாக்கு முதல் தரம் என்றது. அவர் நாக்குக்கு எந்த உணவும் அந்த நிமிஷமே பதில் சொல்லிவிடும். வாயில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போய், மறுநாள் திரும்பி வந்து பழிவாங்கும் ஒரு பொருளை அது அதுவரை சந்தித்ததில்லை. வீட்டுக்கு வந்து வறுத்தார், அரைத்தார், அவளுக்குக் கஞ்சி கொடுத்தார். பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துத் தானும் தின்றார்.

மறுநாள் முற்பகல், கேன்டீனில் பருப்பு சூப் கொதித்து இறங்கியது. ஒரு சொட்டு, உள்ளங்கை, ஒரு விநாடி.

கசந்தது. கருகின கசப்பு இல்லை, காய்க் கசப்பும் இல்லை. பேட்டரியின் முனையில் நாக்கை வைத்தால் வருமே, அந்த மாதிரி. இன்னொரு சொட்டு. அதே. எண்பது லிட்டர் சூப்பைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். பெரிய பாத்திரத்தைத் தானே தேய்த்துக் கழுவி, வேறு மூட்டைப் பருப்பு, வேறு டின் எண்ணெய் எடுத்து மறுபடி வைத்தார். அதுவும் கசந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். தொட்டி பளிச்சென்று இருந்தது. அன்று முந்நூறு பேரும் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது பாத்திரத்தைக் கவிழ்க்க அவர் துணியைக் கையில் சுற்றியபோது காய் அக்கா குறுக்கே வந்து, ஒரு கிண்ணம் மொண்டு, ஊதி ஊதி முழுவதையும் குடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மாஸ்டர். நல்லாத்தானே இருக்கு."

அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. கேட்டதில்லை, மனைவியிடம் அவரே சொன்னது.

மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. வீட்டில் இத்தனை கஷ்டம் இருக்கும்போது மனசு நிலைகொள்ளாது, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், நாக்கு சரியானதும் வாருங்கள் என்று தோளைத் தட்டினார். நாக்கில் கோளாறு என்பதை மாஸ்டர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் ஒரு டீ குடித்தார். கசந்தது. சர்க்கரை கூடுதலாகக் கேட்டார். இன்னும் மோசமாகக் கசந்தது. வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீர் குடித்தார். அப்புறம் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து வாசற்படியில் நின்றாள். நேரங்கெட்ட நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க?"

"வாயெல்லாம் கசக்குது. தண்ணிகூட."

"கத்தியை நக்கின மாதிரியா?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இனிப்பு தின்னா அதிகமாகுதா? முழுங்கினப்புறம் அடித்தொண்டையில நிக்குதா?"

ஆமாம் என்று தலையாட்டினார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றுத் தையல் வலிக்கும் என்று கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தான் சொன்ன அந்த வாக்கியத்தை அவள் இப்போது திருப்பிச் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை போல இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் போனார். பையைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அவள் கொட்டைகளை உள்ளங்கையில் கொட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எப்போது தின்றீர்கள், எப்போது கசந்தது என்று கேட்டாள். பைன் மரத்தில் பல ஜாதி உண்டு, சில ஜாதிக் கொட்டைகளைத் தின்றால் சிலருக்கு மட்டும் இப்படி ஆகும் என்றாள். தின்னும்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வாய் கசக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேலே இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். கெடுதல் இல்லை. ஏன் வருகிறது என்று இன்னும் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

"இதுக்கு என்ன மருந்தும்மா?"

"மருந்து கிடையாது அங்கிள். இதை நிறுத்திட்டுக் காத்திருக்கணும். அவ்வளவுதான்."

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. அவர் மனைவியும் இதே கொட்டையைத் தின்றிருக்கிறாள். ஏற்கனவே இரும்பாக இருக்கும் வாயில் இந்தக் கசப்பும் சேர்ந்திருக்குமா? தன் கையாலேயே அதைக் கூட்டிவிட்டாரா? அந்தப் பெண் ரப்பர் முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். தெரியவில்லை, கண்டுபிடிக்க வழியில்லை என்றாள். மருந்தால் வரும் கசப்பையும் இதையும் பிரித்துச் சொல்ல அனுபவிக்கிறவர்களாலேயே முடியாது. வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் மாஸ்டர் பையைக் கவிழ்த்தார்.

மருந்து ஏற்றும் நாளுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்கப்புறம் அவர் சமைத்ததைச் சமையல் என்று சொல்ல முடியாது. உப்பு போட்டாயிற்றா என்பதே அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் உருளைக்கிழங்கில் இரண்டு தடவை உப்பு விழுந்திருக்கிறது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அது உப்பா இரும்பா என்று அவளுக்கும் நிச்சயமில்லை. அந்த வீட்டில் இரண்டு நாக்கு இருந்தும் ஒரு நாக்கின் வேலை நடக்கவில்லை. கடைசியில் அவர் போய் ஒரு அளவுக் கரண்டி வாங்கி வந்தார். வாங்கும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். காய் அக்கா வேலை முடிந்து போகும்போது அவர் வீட்டு ஜன்னலோரம் வந்து நிற்பாள். மாஸ்டர் கம்பி வழியாகக் கிண்ணத்தை நீட்டுவார். "உப்பு கம்மி, மாஸ்டர்" என்பாள். இல்லையென்றால், "இதை நீங்கதான் வச்சீங்களா, இல்ல மேல் வீட்ல கடன் வாங்கினீங்களா?" என்பாள்.

ஆனால் ஒன்று நடந்தது. அவருக்கும் இப்போது சாப்பாட்டைக் கண்டால் பயம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருப்பார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் அவர் கரண்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் நான் ஒரு வாய்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். அவளும் விழுங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி தெரியாது, ஆறவைத்துச் சாப்பிட்டால் கசப்பு குறையும், எலுமிச்சை பிழிந்தால் கொஞ்ச நேரம் ஏமாற்றலாம் என்று இந்த ஒன்றரை மாதத்தில் அவள் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்ததையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். இத்தனையும் இவளுக்குத் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. நிலக்கடலையை மாவாக அரைத்துக் கஞ்சியில் போட்டார், வெண்ணெய் போட்டார், முட்டை போட்டார். நான்கு வாய் ஆறானது. சில நாள் எட்டு. அவர் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். அதனால் அவர் நிறுத்தவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை கிளம்பும்போது குளிர்கிறது என்று ஒரு கம்பளிச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டார். எடைக் கருவிப் பக்கம் போனதும் நர்ஸ் அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றி நாற்காலியில் போட்டபோது ணங் என்று ஒரு சத்தம். சட்டைப் பைக்குள் கேன்டீன் சாவிக்கொத்து. கிடங்குச் சாவி, இரும்புக் கதவுச் சாவி, ஃப்ரீஸர் சாவி, மொத்தம் பதினேழு. நர்ஸ் சாவியைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"இது எடை போட்டு விக்கிற கடை இல்லங்க," என்றாள் நர்ஸ். ஆனால் குரலில் கடுமை இல்லை.

நாற்பத்தொன்று, எழுநூறு.

இன்னொரு தடவை ஏறி நிற்கட்டுமா என்று கேட்டார். நின்றாள். நாற்பத்தொன்று, எழுநூறு. முந்நூறு கிராம்தானே, ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வாருங்கள், அப்போது பார்க்கலாம் என்றார். அவளைப் பார்த்து, நன்றாக முயற்சி செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்பதை மாஸ்டரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியின் சின்னக் கேன்டீனில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஒரு பன், நடுவில் வெண்ணெய் தடவி. அவருக்கு டீ. அவள் பன்னைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதல் வாய்க்காகக் காத்திருந்தாள். மாஸ்டர் காகிதக் கோப்பையை வாயில் வைத்து, வழக்கம்போல அடித்தொண்டைக் கசப்புக்குத் தயாராகக் கண்ணைச் சுருக்கினார்.

கசப்பு வரவில்லை.

இன்னொரு வாய் குடித்தார். இனித்தது. சர்க்கரை ஒரு கரண்டி அதிகம், தூள் மட்டம், பால் லேசாக அடிப்பிடித்திருக்கிறது. கேட்காமலேயே நாக்கு ஒவ்வொன்றாக ஒப்புவிக்க ஆரம்பித்தது. அவர் அதை ஒரு திருட்டுப் பொருள் போல வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பன் அப்படியே இருந்தது.

"போயிடுச்சா?"

அவள் கேட்ட விதத்தில் சந்தோஷமும் இருந்தது. ஊருக்குக் கிளம்பும் ஒருவரை வழியனுப்பும் குரல்.

"இல்லம்மா," என்றார் மாஸ்டர். "அப்படியேதான் இருக்கு."

முகத்தை நன்றாகச் சுளித்து, கஷாயம் குடிப்பவர் போல அந்த இனிப்பு டீயை இன்னொரு வாய் விழுங்கினார். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். நம்பினாளா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. பிறகு பன்னை ஒரு கடி கடித்து, மெல்ல மென்று, கண்ணை இறுக்கி மூடி விழுங்கினாள்.

"இன்னொரு வாய்," என்றார் அவர்.

"நீங்க முதல்ல," என்றாள் அவள்.